யாரும் ஓட்டாத பதினான்கு அங்குலம்

2022 நவம்பர் 21, திங்கட்கிழமை. காலை நாலே முக்காலுக்கு எழுந்தேன். முந்தின இரவு பத்தரைக்குப் போன கரண்ட் நாலு மணிக்குத்தான் வந்திருந்தது. மோட்டார் போட்டேன், பதினெட்டு நிமிடத்தில் மேல்தொட்டி நிறைந்தது. வாசல் கால்வாயில் குச்சியை விட்டுப் பார்த்தேன். நாலு விரல் தண்ணீர். முடிச்சூரில் வீடு வைத்திருப்பவன் 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் இதைச் செய்யாமல் காபி குடிப்பதில்லை. பால் பாக்கெட் இரண்டையும் உள்ளே வைத்தேன். ஐந்து பத்துக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைப் பார்க்க முற்றத்துக்குப் போனேன்.

வண்டியின் நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன.

முந்தின நாள் இரவு எட்டரைக்கு, மழை விட்ட பிறகு, அந்த நான்கு பழங்களையும் வைத்தவன் நான். ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு வைத்தேன். புது இன்ஜின் போட்ட வண்டி, திங்கட்கிழமை காலை ஆறே காலிலிருந்து ஏழே காலுக்குள் நல்ல நேரத்தில், பழங்களின் மேல் ஏறிக் கிளம்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இப்போது மணி ஐந்து பத்து. கேட் பூட்டு போட்டபடி இருந்தது. பழங்களின் சாறு இன்னும் காயவில்லை. வண்டி கேட்டைப் பார்த்தே எப்போதும் நிற்கும். கேட் உள்பக்கம் திறப்பதால், முன்சக்கரம் எங்கே நிற்க வேண்டும் என்று தரையில் வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சக்கரம் கோட்டைத் தாண்டியிருந்தது. டேப்பை எடுத்து வந்து அளந்தேன். பதினான்கு அங்குலம்.

இந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்குச் சாமியானா, நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. கல்யாணத்துக்கும் போகும், சாவுக்கும் போகும், அதே நாற்காலிகள்தான். வண்டி 2008-இல் வாங்கிய டீசல் பிக்கப். அதை ஓட்டுபவர் பதினான்கு வருடமாக ஒருவரேதான். வயது நாற்பத்தைந்து, பழைய பெருங்களத்தூரில் வீடு. எந்தத் தெருவில் எந்தப் பக்கம் ஒயர் தாழ்வாகத் தொங்குகிறது, எந்த வீட்டில் அண்டாவைத் தேய்க்காமல் திருப்பித் தருவார்கள் என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது. எனக்கு இடது முழங்காலில் தகடு வைத்த பிறகு கிளட்சை முழுக்க மிதிக்க முடிவதில்லை. ஆறு மாதமாக வீட்டுச் சாமான் ஏற்றும் கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் போனால் கடையை மூடிவிடுவேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதை நாங்கள் பேசியதில்லை.

செப்டம்பரில் கோவளத்தில் ஒரு வரவேற்புக்கு முந்நூறு நாற்காலி இறக்கிவிட்டுத் திரும்பும்போது, கேளம்பாக்கம் தாண்டி இன்ஜின் நின்றுவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் முழுக்க வடிந்திருந்தது. சூட்டைக் காட்டும் முள் மட்டும் அசையாமல் இருந்தது. கீழ்க்கட்டளையில் நாங்கள் எப்போதும் போகும் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துப் போனோம். மெக்கானிக் மூன்றாம் நாள் கூப்பிட்டுச் சொன்னார்: "ஹெட்டோட போயிருந்தா பரவால்ல சார். பிளாக்கே விரிசல் வுட்டுகினு கீது. இதுக்குச் செலவு பண்றது பொணத்துக்கு ஊசி போட்ற மாதிரி. வேற இன்ஜின் போட்ரலாம்."

ஏழு வாரம் கழித்து, விபத்தில் அடிபட்ட அதே மாடல் வண்டி ஒன்றின் இன்ஜின் கிடைத்தது. அதை இறக்கிய அன்று நானும் டிரைவரும் போயிருந்தோம். செயின் பிளாக்கில் பழைய இன்ஜினைத் தூக்கி வெளியே எடுத்தபோது வண்டியின் முன்பக்கம் கொஞ்சம் மேலே எழும்பியது. பாரம் குறைந்தால் ஸ்பிரிங் எழும்பத்தான் செய்யும். ஆனாலும் மூச்சை உள்ளே இழுத்த மாதிரி இருந்தது. வந்த இன்ஜினின் மேல் மூடியை டீசல் துணியால் துடைத்தார்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியிலிருந்து மூன்று விபூதிப் பட்டையும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் தெரிந்தன. ஏதோ ஓர் ஆயுத பூஜைக்கு யாரோ வைத்தது.

"மாப்ள பொட்டு வெச்சிகினே வந்துட்டாரு," என்று டிரைவர் சிரித்தார். பிறகு, "இடி எங்க பட்டுச்சு?" என்று கேட்டார்.

"பின்னாடி லாரி. இன்ஜினுக்கு ஒரு கீறல் இல்ல," என்றார் மெக்கானிக்.

"ஓட்டினவரு?"

"அவரு இன்னா இன்ஜினா, கழட்டி வேற வண்டில மாட்ட?"

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் டிரைவர் சிரிக்கவில்லை. அவர் துணியை வாங்கி, பொட்டு இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைத் தானே துடைத்தார். திரும்பும் வழியில் பல்லாவரம் தாண்டியதும், "அண்ணா, ஒரு பூஜ போட்டுட்டு ஓட்றேன். இது எனக்குச் செட் ஆவலன்னா சொல்லிட்டுப் போய்டுவேன். தப்பா எடுத்துக்காத," என்றார். சரி என்றேன். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பூஜை கேட்டாரே என்று எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை மாலை மெக்கானிக்கே வண்டியை ஓட்டிவந்து கோட்டில் நிறுத்தினார். ஷெட்டிலிருந்து வந்த ஓட்டம் கணக்கில் வராது, வீட்டிலிருந்து கிளம்புவதுதான் முதல் ஓட்டம் என்று என் மனைவி தீர்ப்புச் சொன்னாள். எங்கள் முற்றம் கேட்டை நோக்கிச் சரிவு. வண்டியில் கை பிரேக் பல வருடமாகப் பிடிப்பதில்லை. அதனால் முதல் கியரில் போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் கல் கொடுப்பது வழக்கம். மெக்கானிக் முதல் கியரில் விட்டு இறங்கினார், நான் கல் கொடுத்தேன். பைக்கில் பின்னாலேயே வந்த டிரைவர் சாவியை வாங்கிக்கொண்டு போனார். மாற்றுச் சாவி 2015 வெள்ளத்தோடு போய்விட்டது. ஆகவே உலகத்தில் அந்த வண்டிக்கு ஒரு சாவிதான்.

ஞாயிறு இரவு பழம் வைக்கும்போது கல்லை எடுத்தவன் நான்தான். பழம் இருக்க வேண்டிய இடத்தில் கல் இருந்தது. பழத்தைக் காலையில் வைத்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். எனக்கு எதையும் முந்தின நாளே முடித்து வைத்தால்தான் தூக்கம் வரும். கியர் இருக்கிறது, போதும் என்று நினைத்தேன்.

இதையெல்லாம் டார்ச்சோடு நின்று ஒருமுறை வரிசையாக யோசித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பழங்களைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், வண்டிக்குள் பார்த்தாள்.

"நீங்க கனவுல எழுந்து ஏதாவது..."

"சாவி?"

"ஆமால்ல," என்றாள். தலைமாட்டு ஜன்னலைத் திறந்தால் வண்டியின் கண்ணாடியைக் கையால் தொடலாம். கரண்ட் இல்லாததால் அன்று ஃபேன் சத்தம்கூட இல்லை. பல்லி ஓடினால் எழுந்துகொள்கிறவள் அவள். "எனக்கு ஒண்ணுமே கேக்கலைங்க," என்றாள். கையில் வைத்திருந்த பூசணிக்காயைப் பூஜைக்கு வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கீழே வைத்தாள்.

டிரைவர் ஐந்து ஐம்பதுக்கு வந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வண்டியில் இடிக்கும்வரை கேட்டைத் திறந்துவிட்டேன். இரண்டு எட்டு வைத்து அப்படியே நின்றுவிட்டார். குனிந்து, ஒரு பழத்தின் தோலை விரலால் தொட்டு முகர்ந்தார்.

"நம்பளுக்கு முன்னாடியே கெளம்பிட்டான்ணா," என்றார். குரலில் பயம் இல்லை, ஆச்சரியம்கூட இல்லை. தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. அதில்தான் எனக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. யாராவது மனிதர் செய்ததாக இருந்தால் தேவலை என்று தோன்றியது. அந்த நினைப்பில் கேட்டுவிட்டேன்:

"சாவி உங்கிட்டதானே இருந்தது?"

"இன்னாண்ணா?"

"இல்ல... நேத்து ராத்திரி மனசு கேக்காம வந்து ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியோன்னு."

என் மனைவி, "தம்பி, அவர் அந்த அர்த்தத்துல..." என்று ஆரம்பித்தாள். அவர் அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு என்னிடம் பேசினார்.

"பூட்டின கேட்டு எகிறிக் குதிச்சி, உங்க வண்டிய ஒரு அடி நவுத்திட்டு, திரும்பி எகிறிக் குதிச்சி வூட்டுக்குப் போய்ப் படுத்துகினேன். அதானே சார்?"

பதினான்கு வருடத்தில் அவர் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை. சாவியை அங்கிருந்த நாற்காலியின் மேல் வைத்தார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். அப்போது ஆறு ஏழு. நல்ல நேரம் தொடங்க இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.

அன்றைக்குச் சேலையூரில் ஒரு வீட்டுக்கு நூற்றைம்பது நாற்காலி போக வேண்டும். பக்கத்துக் கடை டெம்போவைக் கேட்டு அனுப்பினேன். டிரைவருக்கு நாலு முறை போன் செய்தேன்; மணி அடித்து நின்றது. பத்து மணிக்கு மேல் கல்லை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். பிறகு, கொடுக்காமலே வைத்தேன். மறுபடி நகருமா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சக்கரம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, மணிக்கு ஒருமுறை வந்து பார்த்து, நாட்குறிப்பில் எழுதினேன். 11: மாற்றம் இல்லை. 12: மாற்றம் இல்லை. 1: மாற்றம் இல்லை, தூறல் ஆரம்பம். 2: மாற்றம் இல்லை, தூறல்.

பகல் வெளிச்சத்தில் அது ஒரு பழைய பிக்கப்தான். பக்கக் கதவில் கடையின் பெயர் பாதி அழிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் நெருங்கும்போது, டிரைவர் சீட் காலியாக இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் போனது. காலியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்குக் கண்ணாடி உள்பக்கம் பனித்திருந்தது. மழை நாளில் பனிக்கும். ஆள் உட்கார்ந்திருந்தாலும் பனிக்கும்.

இரண்டு நாற்பதுக்குத் தூறலில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன். கோடு மழையில் அழிய ஆரம்பித்திருந்தது. முன்பக்கம் இடது காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, முதுகை வண்டிக்குக் காட்டியபடி, கேட்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க டேப்பை நீட்டினேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

பின்னால் தொண்டையைச் செருமுவது போல ஒரு சத்தம். பம்பர் என் தோளைத் தொட்டது. இடிக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர் வழி கேட்டுத் தொடுவது போலத் தொட்டு, அங்கேயே நின்றது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று எழுதவில்லை. எழுந்து திரும்பிப் பார்த்தேன். சீட் காலி. டேப் சக்கரத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. நொண்டியபடியே போய்க் கல் இரண்டையும் எடுத்துவந்து கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் காலையில் நடந்திருக்க வேண்டியது நினைவுக்கு வந்தது. ஆறே காலுக்கு என் மனைவி சூடத்தட்டோடு அந்த பம்பருக்கு நேர் முன்னால் நின்றிருப்பாள்.

மெக்கானிக் நாலு மணிக்கு வந்தார். வண்டிக்கடியில் படுத்துப் பத்து நிமிடம் பார்த்தார். வெளியே வந்தவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"என் தப்பு சார். இன்ஜின சுத்தி விட்ற செல்ஃப் மோட்டாருக்குப் போற சின்ன ஒயரு. இந்த இன்ஜின்ல செல்ஃப் ரெண்டு விரலு தள்ளி ஒக்காருது. ஒயரு எட்டல, இழுத்துக் கட்டிட்டேன். அது பேட்டரி ஒயரு போல்ட்டு மேல ஒரசி தோலு போய்டுச்சு. ஈரம் பட்டா கரண்ட் தாவுது. சாவி இல்லாததால டீசல் போவாது, இன்ஜின் ஸ்டார்ட் ஆவாது. செல்ஃப் மட்டும் ஒரு இழு இழுக்கும். கியர்ல கீதா, வண்டியும் நவுருது."

கல்லை எடுத்து, எங்களை ஓரமாக நிற்கச் சொல்லி, கையால் தண்ணீர் தெளித்துக் காட்டினார். அதே செருமல். வண்டி மூன்று அங்குலம் நகர்ந்தது.

"அப்ப பதினாலு அங்குலத்துக்கு?" என்று கேட்டேன்.

"அஞ்சு தடவ இழுத்துருக்கும்."

"அஞ்சு தடவ இந்தச் சத்தம் போட்டா எனக்குக் கேக்காதா?" என்றாள் என் மனைவி.

"மழ சத்தத்துல அக்கா..."

"மழை எட்டு மணிக்கே விட்டாச்சு. பழம் வெச்சதே அதுக்கப்புறம்."

மெக்கானிக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அடியில சொட்டிகினு இருந்துருக்கும்," என்றார். பிறகு புது ஒயர் போட்டு, ரப்பர் குழாய்க்குள் நுழைத்து, போல்ட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டினார். ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியும் வண்டி அசையவில்லை. கல் இரண்டையும் மறுபடி கொடுத்தேன். பழைய ஒயரின் தோல் போன துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அந்தத் துண்டோடு ஆறரைக்குப் பழைய பெருங்களத்தூர் போனேன். டிரைவரின் மனைவிதான் கதவைத் திறந்து, "வாங்கண்ணா," என்று நாற்காலி போட்டார். டிரைவர் உள்ளே டிவிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். அது மரியாதை, நட்பு இல்லை. ஒயரைக் கொடுத்தேன், நடந்ததைச் சொன்னேன். பம்பர் தோளைத் தொட்டதையும் சொன்னேன். ஒயரை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சரி சார். ஒயரு வண்டிய நவுத்துச்சு. நம்பறேன். என் மேல சந்தேகம் வந்துச்சே, அதுவும் ஒயராலயா?"

"இல்ல. பயம்."

"எது பயம்?"

"முன்னாடி அத ஓட்டினவர்தான்னு நீ சொன்ன மாதிரி இருந்ததும், நீயா இருந்தா நல்லா இருக்கும்னு நினைச்சேன்."

அவர் மனைவி சட்டென்று சிரித்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். டிரைவர் சிரிக்கவில்லை. "கம்பெனிக்காரங்க மத்தியானம் போன் பண்ணாங்க. நாளைக்கு பதில் சொல்றேன்னு சொல்லிட்டேன்," என்றார். "காத்தால வரேன். பழம், பூசணிக்கா ஒண்ணும் வேணாம். நீங்க ஏறி ஒக்காந்து ஸ்டார்ட் பண்ணுங்க. நான் வெளிய நின்னு பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை காலை எழுந்ததும் மோட்டார் போடவில்லை. கால்வாயையும் பார்க்கவில்லை. ஐந்தரைக்குக் கேட்டைத் திறந்தபோது அவர் வெளியே நின்றிருந்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். முழங்கால் இடிக்கும் என்று எதிர்பார்த்து மெதுவாகத்தான் ஏறினேன். ஆனால் தாராளமாக இடம் இருந்தது. சீட் அடித்தண்டவாளத்தின் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளியிருந்தது. சனிக்கிழமை ஓட்டிவந்த மெக்கானிக் என் தோள் உயரம்தான் இருப்பார்; எங்கள் டிரைவர் அவரைவிடக் குள்ளம். அவ்வளவு பின்னால் உட்கார்ந்தால் இருவருக்கும் கிளட்ச் எட்டாது. கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன்.

அவர் ஓரமாக நிற்பார் என்று நினைத்திருந்தேன். வண்டிக்கு நேர் முன்னால் வந்து, பானெட்டின் மேல் வலது கையை வைத்து நின்றார்.

"தள்ளி நில்லு," என்றேன்.

"ஒயரு மாத்தியாச்சுன்னீங்களே?"

"மாத்தியாச்சு."

"அப்ப போடுங்க."

முதல் கியரிலிருந்து எடுத்து, கியர் கம்பியை இடமும் வலமும் நாலு முறை ஆட்டிப் பார்த்தேன். நியூட்ரல். அவர் கண்ணாடி வழியாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியைத் திருப்பினேன். முதல் இழுப்பிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. வண்டி நின்ற இடத்தில் நின்றது. அவர் கையை எடுக்கவில்லை. தலையைச் சாய்த்து, உள்ளே யாரோ சொல்வதைக் கேட்பவர் போல, ஏறக்குறைய இரண்டு நிமிடம் அப்படியே நின்றார். ஏதோ ஒரு வார்த்தை சொன்னார். இன்ஜின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

பிறகு என் பக்கம் வந்து கதவைத் திறந்தார். "நவுருங்க," என்றார். நான் இடப்பக்கம் நகர்ந்தேன். அவர் ஏறி, சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைப் பிடித்து, சீட்டை மூன்று பல் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.